எனக்குப் பதிலாக ஒரு கோலி

ஜனவரி 16, வெள்ளி

வெளியே -7. ஐஸ் மண்டபத்துக்குள் +3. வாடகைக்குச் சறுக்க வந்தவர்கள் உள்ளே வந்ததும் ஜக்கெட்டைக் கழற்றினார்கள்.

தீட்டியது 38 சோடி சறுக்குச் சப்பாத்து. வாடகைச் சப்பாத்து 31, ஆண்கள் அணி 5, எங்களுடையது 2. கல் தேய்ந்துவிட்டது, இடது பக்கம் தீட்டும்போது கத்துகிறது. குரூகரிடம் சொல்ல வேண்டும். (சொல்லவில்லை.)

நேற்றைய பொங்கல் ஒரு பெட்டி. முந்திரியை எல்லாம் முதலில் தேடிச் சாப்பிட்டேன்.

பின்னேரம் ஐஸ் ஹொக்கிப் பயிற்சி. யூலே உடை மாற்றாமல் வந்து வாங்குப் பலகையில் இருந்தாள். வயிற்றில் பிள்ளை, மூன்று மாதமாம். டொக்டர் ஐஸில் இறங்கவே கூடாது என்றாராம். எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். நானும் வரிசையில் நின்று கட்டிப்பிடித்தேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு முகமாக மாறியது. யூலே எங்கள் கோலி, கோல் காக்கிறவள். வேறு கோலி இல்லை. கோலி இல்லாத அணிக்கு ஆட்டம் இல்லை. இப்படியே போனால் லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

குரூகர் (பெண்கள் பிரிவுக்குத் தலைவர், பயிற்சியாளர், வான் ஓட்டுநர் எல்லாம் அவர்தான், மண்டபத்தில் என் முதலாளியும் அவர்தான்) போனோடு வெளியே போனார். கதவைச் சாத்தவில்லை.

"எங்களிடம் ஒரு சென்டர் இருக்கிறாள்," என்று யாருக்கோ சொன்னார். "நம்பமாட்டீர்கள், வந்து பாருங்கள்."

எங்கள் அணியில் சென்டர், முன்வரிசையில் நடுவில் நிற்கிறவள், நான். இலக்கம் 19.


ஜனவரி 17, சனி

பனித் தூறல். பஸ்ஸில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், கொப்பி கொப்பியாக.

வட்ஸ்அப் குழு (பெண்கள் அணி). காலை 9.12. குரூகர்: "மெகா டீல்!!!" மூன்று நெருப்புப் படம்.

அடுத்த நகரத்துக் கிளப். ஒரு லீக் மேலே. இனி இங்கே ம.க. (மற்ற கிளப்) என்று எழுதுவேன். அவர்களுடைய சென்டருக்குக் கை முறிந்துவிட்டது. கோலிகள் மூன்று பேர் சும்மா இருக்கிறார்கள். அவர்கள் தருவது:

கோலி 1 (ஸ்வென்யா, 22 வயது)
பின்வரிசைக்காரிகள் 2
சப்பாத்துத் தீட்டும் மிஷின் 1, இரண்டு வருடம் பாவித்தது

கேட்பது: நான்.

இந்தப் பருவத்தில் ஆள் மாற்றக் கடைசி நாள் 31. என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்.

9.14, முதல் கட்டைவிரல். பத்தரைக்குள் பதினொன்று. நான்காவது லேனா. லேனா என் இடது பக்கத்தில் விளையாடுகிறவள்.

அணியில் பதின்மூன்று பேர். யூலே விரல் போடவில்லை. பதின்மூன்றாவது நான்.

அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். இரண்டு வருடமாக. ஒரு சொல் எழுதியதில்லை, வாசிப்பதோடு சரி. ஒருவருக்கும் நினைவில்லை.

ஒருத்தி கேட்டாள், மிஷின் தானாகவே தீட்டுமா என்று. தானாகத்தான், சோடிக்கு ஒன்பது நிமிடம் என்றார் குரூகர். அதற்கும் ஒரு நெருப்புப் படம்.

நான் ஏழு நிமிடத்தில் தீட்டுகிறேன்.


ஜனவரி 18, ஞாயிறு

ஆட்டம் இல்லை. வராத அணிக்கு 0:5 என்று எழுதுவார்கள். எழுதினார்கள்.

எல்லோரும் வந்து உடை மாற்றும் அறையில் கூடிக் கதைத்தார்கள். என் தீட்டும் அறைக்கும் அதற்கும் நடுவே பலகைச் சுவர். கல் ஓடவில்லையென்றால் மூச்சுக்கூடக் கேட்கும்.

பின்வரிசையில் நிற்கும் இரட்டையரில் ஒருத்தி, டாஷிக்குக் கவலையாக இருக்காதா என்றாள். டாஷி என்றால் நான். தர்சிகா அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது.

லேனா: "அவளுக்கு என்ன? இங்கேயும் பேசமாட்டாள், அங்கேயும் பேசமாட்டாள். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்."

கெட்ட குரலில் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான்.

பள்ளியிலும் இதுதான். எழுத்தில் 2, வாயால் 5. இங்கே 2 என்றால் நல்லது, 5 என்றால் தவறினமாதிரி. கை உயர்த்தாதவளுக்குத் தெரியாது என்று அர்த்தம். ஒவ்வொரு தவணையும் அறிக்கையில் ஒரே வசனம்: தர்சிகா இன்னும் துணிய வேண்டும். பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டேன். புதன்கிழமைகளில் சட்டத்துக்காகத் தொழிற்பள்ளியில் முகம் காட்டுகிறேன். மற்ற நாள் மண்டபம். ஐஸில் யாரும் கை உயர்த்தச் சொல்வதில்லை.

இந்தக் கொப்பியைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. பகலில் இது தீட்டும் அறை அலுமாரியில் கிடக்கிறது. இங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

நான் போகமாட்டேன். எழுதிவிட்டேன்.


ஜனவரி 19, திங்கள்

சேறும் ஐஸும். 22 சோடி.

நேற்று எழுதியது கோபத்தில். ஒழுங்காக நிறுத்துப் பார்க்கிறேன்.

போனால்: பெரிய லீக். சென்டர்களுக்கென்றே ஒரு பயிற்சியாளர். ரெயின் 40 நிமிடம், பிறகு பஸ். புதிய உடை மாற்றும் அறை. முதல் நாள் "உன்னைப் பற்றி ஏதாவது சொல்லு" என்பார்கள்.

போகாவிட்டால்: கோலி இல்லை. அணி இல்லை. இரட்டையருக்குப் பதினைந்து வயது, இந்த வருடம்தான் தொடங்கினார்கள். எல்லோருடைய ஞாயிற்றுக்கிழமையும் என்னால் போகும். ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள். பார்ப்பார்கள்.

போனால் எல்லோருக்கும் நல்லது. எனக்கும் கெட்டதில்லை. மூன்று தரம் கூட்டினேன், மூன்று தரமும் இதே விடை.

அப்படியிருந்தும் இல்லை.


ஜனவரி 20, செவ்வாய்

குரூகர் ஒரு கடித உறை தந்தார். விடுவிப்புப் பத்திரம். அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வெள்ளி 30க்குள் கொண்டுவா என்றார். "உனக்கு இது பெரிய வாய்ப்பு," என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். போகிறாயா என்று கேட்கவில்லை.

கீழே இரண்டு கோடு. வீராங்கனை. பெற்றோர்.

இரண்டு கோடும் என்னுடையவைதான். இது ஒருவருக்கும் தெரியாது.

ஏழு வயதில் தொடங்கியது. வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதம் எல்லாம் நான் வாசிக்க வேண்டும், படிவம் நான் நிரப்ப வேண்டும். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து படுத்திருப்பார். "நீயே போட்டுவிடு பிள்ளை" என்பார், கண் திறக்காமல். அப்படிப் பழகிவிட்டது. சுகாதாரக் காப்புறுதி, வாடகைக் கடிதம், பள்ளிச் சுற்றுலா. அப்பாவின் கையெழுத்தை அப்பாவைவிட நான் நன்றாகப் போடுவேன். முதல் எழுத்தில் ஒரு தூண்டில் வளைவு, கடைசியில் ஒரு கோடு.

இரண்டு வருடத்துக்கு முன் கிளப்பில் சேரும் விண்ணப்பத்திலும் அப்படித்தான் போட்டேன். அப்பா அதை வாசிக்கவில்லை. நான் மண்டபத்தில் சப்பாத்துத் தீட்டுகிறேன் என்று வீட்டுக்குத் தெரியும். விளையாடுகிறேன் என்று தெரியாது. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. முதல் நாள் சொல்லவில்லை, இரண்டாம் நாளும் சொல்லவில்லை, பிறகு சொல்வதற்கு வெட்கமாகிவிட்டது. காயத்துக்கு, பெட்டி விழுந்தது என்பேன்.

ஆக, என்னை யாருக்கும் கொடுக்க முடியாது. நான் பேனை எடுத்தால்தான் உண்டு.

உறை அலுமாரிக்குள்.


ஜனவரி 22, வியாழன்

நேற்றுத் தொழிற்பள்ளி. ஒன்றுமில்லை.

லேனாவிடமிருந்து செய்தி. ஐந்து நாளுக்குப் பிறகு. "ஹேய், உனக்கு ஓகேதானே?" கூட ஓர் இதயம், நீலம்.

பதில் போடவில்லை.

லேனா இந்தப் பருவம் 17 கோல். அதில் 14 எப்படி வந்தது: புல்லி. அதாவது நடுவர் பக்கை, அந்த ரப்பர் வட்டை, கீழே போட, இரண்டு சென்டர்களும் குனிந்து நின்று அதற்காக மோதுவது. நான் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதில்லை, நடுவரின் பெருவிரலைப் பார்ப்பேன். விரல் விடுவதற்கு முன் தசை அசையும். எடுத்து, பாராமல், இடது பின்பக்கம். லேனா அங்கே நிற்பாள். அடிப்பாள். கையைத் தூக்குவாள். எல்லோரும் அவள்மேல் விழுவார்கள்.

தான் எப்போதும் சரியான இடத்தில் நிற்பதாக அவள் ஒரு பேட்டியில் சொன்னாள். பேட்டி என்றால் கிளப்பின் நோட்டீஸ் பலகை.

மிஷினுக்கு மும்முனை மின்சாரப் பிளக் தேவையாம். மின்சாரக்காரர் வந்து என் அறையில் அளந்துவிட்டுப் போனார். என் கதிரையை நகர்த்தச் சொன்னார். நகர்த்தவில்லை. அவரே நகர்த்தினார். போன பிறகு பழைய இடத்தில் வைத்தேன்.


ஜனவரி 23, வெள்ளி

குரூகர்: அப்பா போட்டுவிட்டாரா?
நான்: ஷிப்ட்.
குரூகர்: பரவாயில்லை, நானே வீட்டுக்கு வருகிறேன். ஞாயிறு மூன்று மணி. அவருக்கு நேரில் விளக்க வேண்டும், பெருமைப்படுவார்.

வேண்டாம் என்று வாய் வரவில்லை. தலை ஆட்டினேன். எங்கள் தலையாட்டலை அவர் "சரி" என்று எடுத்துக்கொண்டார். சரி என்றுதான் ஆட்டியிருக்கிறேனோ தெரியாது.

வீட்டில் முதலாளி வருகிறார் என்று மட்டும் சொன்னேன். அம்மா கேட்டது: "என்ன சாப்பிடுவார்?" அப்பா கேட்டது: "வேலையாலை நிப்பாட்டப் போகினமோ?"


ஜனவரி 25, ஞாயிறு

நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதப் போகிறேன்.

சரியாக மூன்றுக்கு மணி அடித்தது. குரூகர் கையில் கேக். அப்பா சேட்டு அயன் பண்ணிப் போட்டிருந்தார். அம்மா விடியவே எழும்பி ரோல்ஸ் செய்திருந்தார். சாப்பாடு முடியும்வரை விஷயம் தொடங்கக்கூடாது என்பது குரூகருக்குத் தெரியாது. இரண்டாவது ரோல்ஸில் தொடங்கிவிட்டார்.

மொழிபெயர்ப்பது நான். டொக்டரிடம் நான், வரி அலுவலகத்தில் நான், எப்போதும் நான். ஆனால் என்னைப் பற்றி நானே?

அவர் சொன்னது: உங்கள் மகள்போல ஒரு சென்டரை நான் பயிற்றுவித்ததில்லை, மற்றவர்கள் பக்கைப் பார்க்கும்போது இவள் அது போகப்போகும் இடத்தைப் பார்க்கிறாள்.

நான் சொன்னது: "வேலை பிழையில்லையாம்."

அப்பா: "அதைச் சொல்லவோ ஞாயிற்றுக்கிழமை கேக்கும் கொண்டு வந்தவர்?"

குரூகர் ஐந்து நிமிடம் பேசினார். நான் மூன்று சொல் சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரூகர் பையிலிருந்து இன்னொரு பத்திரம் எடுத்தார். நான் தொலைத்திருப்பேன் என்று புதிதாக ஒன்று. மேசையில் வைத்து, பெற்றோர் கோட்டைத் தொட்டுக் காட்டி, அப்பாவிடம் பேனையை நீட்டினார்.

அப்பா வாங்கினார். பத்திரத்தைப் பார்க்கக்கூட இல்லை. அப்படியே திரும்பிப் பேனையை என்னிடம் நீட்டினார்.

"நீயே போட்டுவிடு பிள்ளை."

குரூகர் பேனையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய கோப்பில் இரண்டு வருடமாகக் கிடக்கும் விண்ணப்பம் நினைவுக்கு வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. அம்மா ரோல்ஸ் தட்டை நீட்டியபடி நின்றார். ஒருவரும் எடுக்கவில்லை.

ஏதோ பிழைத்துவிட்டது என்று அப்பாவுக்கு விளங்கியது. தன் தொழிற்சாலை ஜெர்மனில் சொன்னார்: "கையெழுத்து என்னுடையது. எழுதுவது மகள். பத்து வருடம். பிரச்சினை?"

குரூகர் பிரச்சினை இல்லை என்றார், பிரச்சினை இருக்கிற குரலில்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "உது என்ன பேப்பர்?"

சொன்னேன். நிறுத்தினால் திரும்பத் தொடங்காது என்று தெரியும், அதனால் நிறுத்தாமல். "நான் அங்கை சப்பாத்து மட்டும் தீட்டேல்லை அப்பா. விளையாடுறன். ரெண்டு வருசமா. இப்ப என்னை வேறை கிளப்புக்கு மாத்தப் போகினம்."

"மாத்திறதெண்டால், சும்மாவோ?"

"இல்லை. எனக்குப் பதிலா ஒரு கோலி வரும். பின்னுக்கு நிக்கிற ரெண்டு பேர். பிறகு ஒரு மிஷின்."

"என்ன மிஷின்?"

"சப்பாத்துத் தீட்டிற மிஷின்."

அம்மா தட்டை மேசையில் வைத்தார்.

அப்பா கேக்கைத் தள்ளி வைத்தார். கம்பித் தொழிற்சாலையில் நிரந்தரமாவதற்கு முன் அவர் ஆறு வருடம் வாடகைத் தொழிலாளி. எந்தக் கொம்பனிக்கு ஆள் தேவையோ ஏஜென்சி அங்கே அனுப்பும். "நாலு இடம் மாத்தினவங்கள்," என்றார். "ஒருக்காவும் கேக்கேல்லை." பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ போக விரும்புறியோ?"

ஒன்பது நாள். பதினொரு கட்டைவிரல், ஓர் இதயம், ஒரு தோள் தட்டல். கேட்ட முதல் ஆள் இவர். வாரம் முழுக்க இல்லை இல்லை என்று எழுதியவள் நான்.

"தெரியேல்லை அப்பா."

குரூகர்: "என்ன சொல்கிறார்?"

"கேட்கிறார்," என்றேன்.

"என்ன கேட்கிறார்?"

"என்னைக் கேட்கிறார்."

அப்பா பத்திரத்தை நான்காக மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். "வெள்ளி," என்றார் ஜெர்மனில். பேச்சு முடிந்தது. குரூகருக்கு அம்மா மிச்ச ரோல்ஸைச் சுற்றிக் கொடுத்தார். அதை விடமாட்டார்.

படியில் குரூகர் மெதுவாகச் சொன்னார், அந்தக் கையெழுத்து விஷயத்தை நான் பார்க்கவில்லை, சரியா? நல்லெண்ணமா வேறெதுவுமா தெரியவில்லை. நன்றி சொல்லவில்லை.


ஜனவரி 26, திங்கள்

அம்மா காலையில் தேத்தண்ணீர் மட்டும் வைத்தார். மத்தியானம் முதியோர் இல்லச் சமையலறையிலிருந்து போன் பண்ணினார். அங்கிருந்து ஒருநாளும் எடுப்பதில்லை.

"ரெண்டு வருசம். பெட்டி விழுந்தது, பெட்டி விழுந்தது எண்டாய். அந்த மண்டபத்திலை எத்தினை பெட்டிதான் இருக்கு எண்டு நானாவது யோசிச்சிருக்கோணும்."

சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. இன்றைக்கு எங்கெங்கே நோகிறது என்று கேட்டார். வரிசையாகச் சொன்னேன்: வலது முழங்கை, இடுப்பு, இடது கால் சின்னவிரல்.

பின்னேரம் அப்பா ஷிப்ட் முடிந்த உடுப்போடு மண்டபத்துக்கு வந்தார். குரூகரின் அறைக்குப் போய் என் பழைய விண்ணப்பத்தைக் கேட்டார். என் தூண்டில் வளைவைக் கோடு போட்டு வெட்டினார். பக்கத்தில் தன் பெயரைத் தன் கையால், தமிழ் எழுத்தில், மெதுவாக. திகதியும் போட்டார். படியில் குரூகர் சொன்னதை நேற்றிரவே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"இப்ப பாக்கச் சொல்லு," என்றார் என்னிடம். மொழிபெயர்த்தேன். இந்தமுறை ஒரு சொல்லும் விடாமல்.


ஜனவரி 28, புதன்

மழை. ஐஸ் எல்லாம் கரைந்து தெரு முழுக்கச் சேறு.

அப்பா கேட்டதுதான் கரைச்சல். கேட்காதவரை இல்லை என்பது சுகமாக இருந்தது. இப்போது உண்மையாக யோசிக்க வேண்டும்.

உண்மை: ம.க.வுக்குப் போனால் நான் நன்றாக விளையாடுவேன். அங்கே சரியான இடத்தில் நிற்கிறவள் நான் மட்டும் அல்ல, ஐந்து பேர். அவர்களுடைய ஆட்டம் ஒன்றைப் போனில் பார்த்தேன். இரண்டு தரம்.

இன்னோர் உண்மை: 17ஆம் திகதி காலை 9.12க்கு முன் யாராவது வந்து, டாஷி, இப்படி ஒரு பேச்சு இருக்கிறது, போகிறாயா என்று கேட்டிருந்தால், ஓம் என்றிருப்பேன். அழுதிருப்பேன், ஆனால் ஓம்.

கேட்கவில்லை. இப்போது ஓம் என்றால், கேட்காமல் எடுத்தது சரி என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். இரண்டு கோட்டிலும்.

பிடிவாதமா? ஓம். பிடிவாதம்தான்.

அணி? அதற்கும் ஒன்று யோசித்திருக்கிறேன். அவர்கள் கணக்கு: சென்டரைக் கொடு, கோலியை எடு. கணக்குப் பிழையில்லை. ஆள்தான் பிழை.

அப்பாவிடம் சொன்னேன். பத்திரத்தைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார். "நானும் வரட்டோ?" என்றார். வேண்டாம் என்றேன்.


ஜனவரி 30, வெள்ளி

ஆறு வசனம் எழுதிப் பாடமாக்கினேன். தீட்டும்போது கல்லின் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். 29 சோடி.

பயிற்சிக்குப் பிறகு, உடை மாற்றும் அறை. எல்லோரும் இருந்தார்கள், யூலேயும். குரூகர் கையை நீட்டினார், பத்திரத்துக்கு. கொடுத்தேன். விரித்தார். இரண்டு கோடும் வெறுமை.

ஆறு வசனத்தில் மூன்றுதான் வந்தது. சப்பாத்து நாடாவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பதினொரு பேர் விரல் போட்டீர்கள். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். நான் போகவில்லை."

இரட்டையர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ மெல்லமாக "ஐயோ" என்பதற்கு ஜெர்மனில் சொல்வதைச் சொன்னாள்.

குரூகர் கதிரையில் இருந்துவிட்டார். கோபிக்கவில்லை. நீ குழுவில் வாசித்திருப்பாய் என்று நினைத்தேன் என்றார். வாசித்தேன் என்றேன். பிறகு களைத்த குரலில், அப்படியானால் ஞாயிறு ஆட்டத்துக்குக் கோலி யார் என்றார். நியாயமான கேள்வி.

"நான்."

"நீ சென்டர்."

"இப்போது கோலி. மாற்றிக்கொண்டாயிற்று."

யூலே சிரித்தாள். சத்தமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. என் கவசம் எல்லாம் தருகிறேன், நாறும், சொல்லிவிட்டேன் என்றாள்.

லேனா எழும்பி நின்றாள். "அப்போ எனக்கு யார் பக் தருவது?"

மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் வாயில் முதலில் வந்தது இதுதான்.

"தெரியாது," என்றேன். நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்.


ஜனவரி 31, சனி

ஆள் மாற்றும் நாள் முடிந்தது. ம.க. குரூகருக்குச் செய்தி அனுப்பினார்களாம், வருத்தம் என்று. மிஷின் வராது. மின்சாரக்காரர் பொருத்திய மும்முனைப் பிளக் மட்டும் சுவரில் இருக்கிறது.

யூலேயின் கவசம் போட அரை மணி. சொன்னதுபோலவே நாறுகிறது. கால் கவசத்தோடு நடந்தால் தளபாடம் நகர்வதுபோல. முகமூடி மட்டும் பிடித்திருக்கிறது. உள்ளே ஒருவருக்கும் தெரியமாட்டேன். இவ்வளவு நாளும் ஏன் இதை யோசிக்கவில்லை என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு பத்து நிமிடம்.

யூலே வாங்கிலிருந்து: "கத்து!"

என்ன கத்துவது?

எல்லாம். யார் வருகிறாள், எந்தப் பக்கம், யாரைப் பிடிக்க வேண்டும். பின்வரிசைக்கு முதுகில் கண் இல்லை, கோலிதான் கண். ஆட்டம் முழுக்கக் கோலி பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். "நான் மூன்று வருடமாகக் கத்தவில்லையா? உனக்குக் கேட்கவே இல்லையா?" என்றாள்.

கேட்டிருக்கிறேன். யூலேயின் குணம் அது என்று நினைத்திருந்தேன்.

திங்கள் போட்ட பட்டியலில் இது இல்லை. புதன் யோசித்ததிலும் இல்லை. அணியிலேயே அதிகம் பேச வேண்டிய ஆளின் இடத்தை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

பயிற்சியில் விட்டது 23. கத்தியது 0.

பின்வாங்கலாமா? 5 நிமிடம் யோசித்தேன், கழிப்பறையில். இல்லை.


பெப்ரவரி 1, ஞாயிறு

+2, முகில். ஆட்டம் 17.30. அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மா இரண்டு கம்பளி, ஒரு பிளாஸ்க். எது நான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு, கோலி என்றதும், ஏன் எல்லோரும் பிள்ளைக்கு அடிக்கிறார்கள் என்று அப்பாவிடம் கோபித்தாராம்.

முதல் பகுதி 0:3. நான் வாயே திறக்கவில்லை. யூலே வாங்கிலிருந்து கையால் வாயைக் காட்டிக் காட்டிக் களைத்துவிட்டாள்.

இரண்டாம் பகுதி முடிய 1:5. அந்த ஒன்று லேனா. அவளுக்குப் பக் கொடுக்க ஆள் இல்லை, பாதித் தூரம் தானே கொண்டு ஓடி அடித்தாள். கையைத் தூக்கவில்லை. மூச்சு வாங்கினாள். நல்ல கோல். எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் பகுதி. என் வலது பக்கத்தால் ஒருத்தி தனியே வருகிறாள். இரட்டையர் இருவரும் பக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவளைக் காணவில்லை. எனக்குத் தெரிகிறது, எங்கே போகும் என்றும் தெரிகிறது. ஜெர்மன் வரவில்லை. வகுப்பில் வராததுபோலவே. தமிழ் வந்தது.

"பின்னாலை! பின்னாலை வாறாள்!"

இரட்டையர் திரும்பினார்கள். என்ன சொல் என்று அவர்களுக்குத் தெரியாது, ஆனால் திரும்பினார்கள். ஒருத்தி தடியை நீட்டினாள், பக் மூலைக்குப் போனது. பார்வையாளர் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல்: "ஓம், பின்னாலைதான்!"

அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. விடாதை. இடம் மாறு. எழும்பு. முன்னுக்குப் போ, முன்னுக்கு. லேனாவுக்கு இரண்டு சொன்னேன், அவை இந்தக் கொப்பியில்கூட எழுதக்கூடாதவை. திரும்பிப் பார்த்தாள். போனாள், நான் சொன்ன பக்கம்.

முடிவு 2:8. மூன்றாம் பகுதி மட்டும் 1:3.

தொண்டை கட்டிவிட்டது. கழுத்து திரும்பவில்லை. தொடையில் மூன்று நீலம். அம்மா எண்ணிவிட்டார். உடை மாற்றும் அறையில் இரட்டையர் "பின்னாலை" என்றால் என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். இப்போது இருவரும் அதை மோசமான உச்சரிப்பில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். லேனா என் முகமூடியை எடுத்து உலர்த்தும் கம்பியில் கொழுவினாள். குழுவில் தன் விரலை எடுத்திருக்கிறாள், வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். மற்றப் பத்தும் அப்படியே.

குரூகர் என்னை வானுக்குப் பக்கத்தில் நிற்பாட்டினார். பருவம் முடிய, மே மாதம், ம.க. திரும்பக் கேட்பார்களாம். அவருக்குத் தெரியுமாம்.

கேட்கட்டும் என்றேன், இருந்த குரலில். என்னைக் கேட்கட்டும்.